சீனி தனியாக

பழைய பேண்ட் ஒன்றை இடுப்பில் பிடித்துத் தைக்கக் கொடுத்திருந்தேன். எங்கள் தையல்காரர் பாய், மதுரைப் புதுமண்டபத்துத் தூண்களுக்கு நடுவே மிஷின் போட்டிருந்தவர். அங்கிருந்த கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறியபோது, வயதைச் சொல்லி வீட்டு வாசலிலேயே மிஷினைப் போட்டுக்கொண்டார். நான் போன நேரம், பிளேடு முனையால் பின்பக்கத் தையலைக் கண்ணி கண்ணியாக அறுத்துக்கொண்டிருந்தார். பிரித்து முடித்ததும் துணியை வெளிச்சத்தில் விரித்துப் பிடித்தார். வெயிலும் சலவையும் பட்டு வெளுத்த நீலம் ஒரு பக்கம். மடிப்புக்குள் ஒளிந்திருந்த பட்டையில், வாங்கிய அன்றைக்கு இருந்த கருநீலம். நடுவே ஊசித் துளைகள் மூன்று வரிசையாக ஓடின.

“உள்ளுக்க இருக்கு பாருங்க, இது நான் மொதல்ல தச்சது. இது ஒரு தடவ விட்டுக் குடுத்தது. இந்தா, ஓரத்துல போறது கடைசியா விட்டது. இதுக்கு மேல விடத் துணி இல்லன்னு அன்னைக்கே சொன்னேன்ல? இப்பப் பாத்தா மொதத் தையலுக்கே வந்துட்டீங்க சார்.”

அந்தக் கருநீலப் பட்டையைத் தொட்டுப் பார்த்தபோது, அம்மாவின் குரல்தான் முதலில் நினைவுக்கு வந்தது. நான் பிறந்து வளர்ந்தது விருதுநகர். பள்ளிக்கூடம் திறப்பதற்கு முன்னால் தெப்பக்குளத்துப் பக்கம் இருந்த டெய்லரிடம் அழைத்துப் போவாள். அளவெடுக்க நான் போய் நிற்பதற்குள் சொல்லிவிடுவாள்: “உள்ள துணி விட்டுத் தைங்கய்யா, வளர்ற பிள்ள.” டவுசர் தொளதொளவென்று இருக்கும். அடுத்த வருஷம் அதே டவுசர் டெய்லரிடம் போய், கீழ்மடிப்புப் பிரிந்து, ஒரு விரற்கடை இறங்கி வரும். அந்த வயதில் உள்ளே விட்ட துணி முழுக்க உயரத்துக்குப் போனது. நாற்பதைத் தாண்டியபின் விட்ட துணியெல்லாம் வயிற்றுக்குப் போனது. இரண்டுக்கும் நடுவில் எங்கள் வீட்டிலும் ஊரிலும் என்ன மாறியது என்பதைத்தான் அன்று வீடு திரும்பும் வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தேன்.

அப்பா பருப்பு மண்டி ஒன்றில் கணக்கு எழுதினார். மிளகாய் வற்றலும் எண்ணெயும் பயறும் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும் ஊர் அது. பஜாரில் நடந்தால் தும்மல் வரும், பசியும் வரும். அப்படி ஊரெல்லாம் தின்பண்டத்தின் மூலப்பொருள் குவிந்து கிடந்தும், வீட்டில் எல்லாவற்றுக்கும் ஓர் அளவு இருந்தது. காப்பி குடிக்கும் பித்தளைத் தம்ளர் அரை ஆழாக்கு பிடிக்கும். காலையில் ஒன்று, பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஒன்று. கருப்பட்டியைத் தட்டிப் போட்டுக் கொதிக்கவைத்த காப்பி. பாதிக்கு மேல் தண்ணீர்தான், பால் பெயருக்கு இருக்கும். இரண்டாவது தம்ளர் கேட்டால் அம்மா திட்டமாட்டாள். பானையைக் கவிழ்த்துக் காட்டுவாள், அவ்வளவுதான்.

ரேஷனில் வாங்கும் சீனி ஹார்லிக்ஸ் பாட்டிலில் நிறைந்து அலமாரியின் மேல்தட்டில் இருக்கும். அது விருந்தாளிகளுக்கானது. மாமா வந்தால், பள்ளிக்கூட வாத்தியார் வந்தால் அந்தப் பாட்டில் கீழே இறங்கும். இனிப்பு என்றால் தீபாவளிக்கு அதிரசம், மாரியம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்குச் சர்க்கரைப் பொங்கல், யாராவது ஸ்ரீவில்லிபுத்தூர் போய்வந்தால் மந்தார இலையில் ஒரு பொட்டலம் பால்கோவா. அந்தப் பொட்டலம் ஆறு பேருக்குப் பங்கு பிரியும். இலையில் ஒட்டியதை வழித்து நக்கும் உரிமை கடைசித் தம்பிக்கு.

விருதுநகருக்கும் குளிர்பானத்துக்கும் பழைய உறவு. பொவண்டோவால் பெயர் பெற்ற காளிமார்க் 1916-ல் தொடங்கப்பட்டது எங்கள் ஊரில்தான். கல்யாண வீட்டில் கிரேட் கிரேட்டாக பொவண்டோ இறங்குவதைப் பார்க்கவே பையன்கள் கூடுவோம். ஆனால், வீட்டுக்கு அது வருவது சம்பந்தம் பேச யாராவது வந்தால்தான். ஒரு பாட்டிலை மூன்று தம்ளரில் ஊற்றி, விருந்தாளி குடித்தபின் மிச்சம் இருந்தால் எங்களுக்கு ஆளுக்கு ஒரு வாய். கோலிசோடா மருந்து வகையைச் சேர்ந்தது. வயிறு உப்பினால் அப்பா வாங்கிவரச் சொல்வார். ஹிராம் காட் என்ற ஆங்கிலேயர் 1872-ல் காப்புரிமை பெற்ற அந்தக் கழுத்து நசுங்கிய பாட்டிலை, உலகின் பெரும்பகுதி கைவிட்ட பிறகும் நம் ஊர்ப் பெட்டிக்கடைகள் காப்பாற்றி வைத்திருந்தன. கட்டை விரலால் கோலியை அழுத்தும்போது ‘டப்’பென்று ஒரு சத்தம் வரும். அதில் பாதி வயிற்று வலி போய்விடும்.

மற்றபடி நாங்கள் குடித்தது என்ன? காலையில் நீராகாரம், சின்ன வெங்காயத்தோடு. வெயிலில் விளையாடி வந்தால் மண்பானைத் தண்ணீர். மத்தியானம் கறிவேப்பிலையும் இஞ்சியும் நசுக்கிப் போட்ட நீர்மோர். சாப்பாட்டில் சோறு நிறையத்தான் இருந்தது. ஆனால், அதைச் செரிக்க நடையும் இருந்தது. ராத்திரி ஏழரைக்கெல்லாம் தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிடுவார்கள். விருதுநகரின் பேர்பெற்ற பொரித்த பரோட்டா அப்பா சம்பளம் வாங்கும் நாளில் வரும். வாழையிலைப் பொட்டலத்தைப் பிரித்ததும் சால்னா வாசம் எதிர்வீட்டுக்குப் போகும். அக்கா பிய்த்துப் போட்டுப் பங்கு வைப்பாள். வறுமை என்று சொல்ல முடியாது. எது தினசரி, எது விசேஷம் என்பதில் வீட்டாருக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

மதுரையில் கருவூலத்தில் வேலை கிடைத்தபின் என் தினசரியும் விசேஷமும் மெல்ல மெல்ல ஒன்றாகிவிட்டன. காலையில் வீட்டில் ஒரு காப்பி. பதினொரு மணிக்கு அலுவலகத்துக்கு எதிரே டீக்கடை. பில் பாஸாகவேண்டி யாராவது வந்து காத்திருந்தால், “சார், ஒரு டீ சாப்டுட்டு வந்துருவோமே” என்பார். நாலு மணிக்கு இன்னொன்று, கூடவே பருப்பு வடையோ வாழைக்காய் பஜ்ஜியோ. மாலையில் வீடு திரும்பும்போது நண்பரோடு ஒன்று. அந்த டீயில் நட்பு இருந்தது, ஊர்க்கதை இருந்தது, யார் வீட்டில் என்ன கஷ்டம் என்பது தெரிந்தது. வருஷக் கடைசியில் பில்கள் குவியும் மார்ச் மாதத்தில் ராத்திரி ஒன்பது, பத்து மணிவரை உட்காருவோம். அப்போதெல்லாம் டீதான் சாப்பாடு. டீ மாஸ்டர் போடும் சீனி கரண்டிக்கணக்கு. கண்ணாடி கிளாஸின் அடியில் கரையாமல் ஒரு படுகை நிற்கும். அதைச் சுழற்றிக் கடைசி மடக்கில் குடிப்பதில் ஒரு ருசி.

வீட்டில் குளிர்பதனப் பெட்டி வந்தது. அதன் கதவில் இரண்டு லிட்டர் பாட்டில் நிற்பதற்கென்றே ஓர் இடம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பிரியாணி வாங்கினால் கடைக்காரரே ஒரு பாட்டிலைச் சேர்த்துக் கொடுக்கும் காலம் வந்தது. உறவினர் வந்தால் விளக்குத்தூண் பக்கம் அழைத்துப் போய் ஜிகர்தண்டா வாங்கித் தருவது மதுரைக்காரனின் கடமை. சுண்டக் காய்ச்சிய பால், நன்னாரி சர்பத், கடற்பாசி, மேலே ஓர் உருண்டை ஐஸ்கிரீம். ராத்திரிச் சாப்பாடு ஒன்பதரைக்குத் தள்ளிப்போனது. பெரிய தம்ளர்கள் வந்தன. பழைய பித்தளைத் தம்ளர்கள் சாக்கில் கட்டிப் பரணுக்குப் போயின. பிள்ளைகளுக்கு நமக்குக் கிடைக்காததெல்லாம் கிடைக்கட்டும் என்ற ஆசை எல்லா வீட்டிலும் இருந்ததுபோல எங்கள் வீட்டிலும் இருந்தது.

நாற்பத்தைந்து வயதுக்கு மேல் ஒரு நாள், மாடிப்படி ஏறும்போது முட்டி வலிக்கிறது என்று ஒரு பெண் மருத்துவரிடம் போனேன். அவர் முட்டியைப் பார்ப்பதற்கு முன் இஞ்ச் டேப்பை எடுத்துத் தொப்புளைச் சுற்றி அளந்தார். இரத்தப் பரிசோதனையில் மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி ஆறைத் தாண்டி நின்றது. நீரிழிவு என்று சொல்ல இன்னும் கொஞ்சம் இருக்கிறது. இல்லை என்று சொல்லவும் முடியாது. “இந்தியர்களுக்குக் கணக்கு வேற சார். உடல் நிறை குறியெண் 23-ஐத் தாண்டினாலே அதிக எடை, 25-க்கு மேல போனா உடல் பருமன். ஆம்பளைக்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்டிமீட்டருக்குள்ள இருக்கணும், பொம்பளைக்கு 80” என்றார்.

ஐரோப்பியருக்கு ஒரு கணக்கு, நமக்கு ஒரு கணக்கு ஏன் என்பதற்கு அவர் சொன்ன உதாரணம் இன்றுவரை என்னோடு இருக்கிறது. புனேயைச் சேர்ந்த மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டனைச் சேர்ந்த மருத்துவர் யுட்கினும் சேர்ந்து 2004-ல் லான்செட் இதழில் ஒரு சிறு குறிப்பு எழுதினார்கள். இருவர் படமும் அதில் உண்டு. இருவருக்கும் உடல் நிறை குறியெண் ஒரே 22.3. உடம்பில் இருந்த கொழுப்பை அளந்தபோது யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். ஒல்லியாகத் தெரியும் இந்திய உடம்புக்குள் கொழுப்பு குடியிருக்கிறது. நம் கையும் காலும் மெலிந்திருக்க, வயிறு மட்டும் முன்னால் வருவதைத் ‘தொந்தி’, ‘வசதி’ என்று நாம் செல்லமாகச் சொல்லிப் பழகிவிட்டோம். 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பெரிய ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாகக் கணக்கிட்டது. வயிற்றுப் பருமன் உள்ளவர்கள் பெரியவர்களில் 39.5 சதவீதம்.

“வயசானா உடம்பு போடத்தானே செய்யும் டாக்டர்?” என்று கேட்டேன். அப்படித்தான் எல்லோரும் சொல்வார்கள். அவர் தலையை ஆட்டினார். பின்னாளில் நான் படித்தது அவர் சொன்னதற்கு வலுச்சேர்த்தது. ஹெர்மன் பான்ட்சர் என்ற அமெரிக்க ஆய்வாளரும் உலகெங்கும் உள்ள அவர் சகாக்களும் பச்சிளங்குழந்தை முதல் தொண்ணூறைத் தாண்டியவர்கள் வரை 6,400-க்கும் மேற்பட்டவர்களின் உடல் செலவழிக்கும் ஆற்றலைத் தொகுத்துப் பார்த்து, 2021-ல் சயின்ஸ் இதழில் வெளியிட்டார்கள். உடம்பின் அளவைக் கழித்துவிட்டுப் பார்த்தால், இருபதிலிருந்து அறுபது வயதுவரை அந்தச் செலவு ஏறக்குறைய ஒரே மட்டத்தில்தான் நிற்கிறது. நாற்பதில் உடம்பின் அடுப்பு அணைந்துவிடுவதில்லை. தட்டும் தம்ளரும் பெரிதாகின்றன, நடை குறைகிறது. இதைத் தெரிந்துகொண்டபோது எனக்குப் பெரிய தைரியம் வந்தது. வயதைத் திருப்ப முடியாது, தம்ளரை மாற்றலாம்.

மருத்துவர் மாத்திரை எழுதவில்லை. “ஒரு வாரம் நீங்க என்னென்ன *குடிக்கிறீங்க*ன்னு மட்டும் எழுதிட்டு வாங்க. சாப்பாட்டை அப்புறம் பாத்துக்கலாம்” என்றார். கருவூலத்துக்காரனுக்குக் கணக்கு எழுதுவது பழக்கமான வேலை. நாற்பது பக்க நோட்டு ஒன்றை வாங்கினேன். என் மனைவி ஒரு ஸ்பூன் சீனியைச் சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தாள். தலைதட்டி எடுத்தால் நாலைந்து கிராம். நாங்கள் தலைதட்டிப் போடுபவர்கள் இல்லை. ஒரு காப்பிக்கோ டீக்கோ பத்து கிராம் என்றால், நாளுக்கு ஐந்து தம்ளரில் ஐம்பது கிராம். குளிர்பானத்தில் பொதுவாக நூறு மில்லிக்குப் பத்து கிராமுக்கு மேல் சீனி. ஒரு லிட்டரில் நூறு கிராமைத் தாண்டிவிடும். உலக சுகாதார நிறுவனம் 2015-ல் சொன்னது, சேர்த்துக்கொள்ளும் சர்க்கரை ஒரு நாளின் மொத்த ஆற்றலில் பத்து சதவீதத்துக்குள் இருக்கட்டும், ஐந்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்று. அந்த ஐந்து சதவீதம் ஏறத்தாழ 25 கிராம். நோட்டைக் கூட்டிப் பார்த்து இருவரும் கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தோம். பிறகு அவள்தான் சொன்னாள்: “ஏங்க, இதுல ஒண்ணுகூட நீங்க பசிச்சுக் குடிச்சது இல்லையே.”

அவள் சொன்னது ஆய்வுக்கும் பொருந்தும். அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தில் 2000-ஆவது ஆண்டு வெளியான சிறிய ஆய்வு ஒன்றில், பதினைந்து பேருக்கு நாலு வாரம் தினமும் 450 கலோரியை மிட்டாயாகத் தின்னக் கொடுத்தார்கள். வேறொரு நாலு வாரம் அதே அளவைச் சோடாவாகக் குடிக்கக் கொடுத்தார்கள். மிட்டாய் தின்றபோது அவர்கள் தங்களை அறியாமலே மற்றச் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டார்கள். குடித்தபோது குறைக்கவில்லை, எடை கூடியது. மென்று தின்பதை வயிறு கணக்கில் வைத்துக்கொள்கிறது. குடிப்பது கணக்கில் ஏறாமல் நழுவிவிடுகிறது.

மாற்றம் சமையலறையில்தான் தொடங்கியது. பரணிலிருந்து சாக்கு இறங்கியது. பச்சை பூத்திருந்த பித்தளைத் தம்ளர்களைப் புளி போட்டுத் தேய்த்து, ஈயம் பூசக் கொடுத்து வாங்கினாள். ஈயம் பூசுகிறவரைத் தேடிக் கண்டுபிடிப்பதே பெரும்பாடாகிவிட்டது. முன்பெல்லாம் தெருவில் குரல் கொடுத்துக்கொண்டு வருவார்கள். காப்பி பழையபடி அரை ஆழாக்குக்குத் திரும்பியது. சீனியை ஒரேயடியாக நிறுத்தவில்லை. இரண்டு ஸ்பூன் ஒன்றரையானது, அது பழகியபின் ஒன்று, பிறகு அரை. நாக்கு விசித்திரமான மாணவன். முதல் வாரம் முகத்தைச் சுளிக்கும். மூன்றாவது வாரம் பழைய இனிப்பைக் கொடுத்தால் அதற்கும் முகத்தைச் சுளிக்கும். சீனி குறையக் குறைய காப்பியின் கசப்புக்குள் ஒளிந்திருந்த மணம் மேலே வந்தது. நல்ல டிகாக்‌ஷனுக்கும் நாட்பட்ட டிகாக்‌ஷனுக்கும் வித்தியாசம் எனக்குத் தெரியத் தொடங்கியது அப்போதுதான்.

டீக்கடைக்குப் போவதை நான் விடவில்லை. அங்கே எனக்கு மனிதர்கள் இருக்கிறார்கள். “மாஸ்டர், சீனி போடாம ஒண்ணு” என்றேன். “சுகரா சார்?” என்று கேட்டார், அக்கறையாக. “வராம இருக்கத்தான்” என்றேன். பிறகு நான் தெருவைக் கடக்கும்போதே எனக்கான கிளாஸைத் தனியே எடுத்து வைத்துவிடுவார். வடைக்குப் பதில் மனைவி கொடுத்தனுப்பும் சுண்டல் டப்பாவைத் திறப்பேன். நண்பர்கள் கைகள் அதற்குள் வந்துபோகும். ஒரு நாள் தட்டப்பயறு, ஒரு நாள் கொண்டைக்கடலை. குளிர்பதனப் பெட்டியின் கதவில் மோர்ப் பாட்டில் ஏறியது. வெயில் காலத்துக்கு மண்பானை வாங்கி, வெட்டிவேரை ஒரு துணியில் முடிந்து போட்டோம். பிள்ளைகள் முதலில் முகம் சுளித்தார்கள். பிறகு அவர்களே கூட்டாளிகளைக் கூட்டிவந்து, “எங்க வீட்டுத் தண்ணி வாசமா இருக்கும்டா” என்று குடிக்கக் கொடுத்தார்கள்.

சாப்பாட்டில் எதையும் விலக்கவில்லை, வரிசையை மாற்றினோம். தட்டில் முதலில் பொரியலும் கூட்டும் வரும், அது பாதித் தட்டு. பிறகு பருப்போ பயறோ மீனோ. சோறு கடைசியில் வரும்போது அதற்கு இருந்த இடம் தானாகவே சுருங்கியிருக்கும். கேழ்வரகும் கம்பும் வாரத்தில் சில நாள் வந்தன. சிறுதானியம் என்பதால் எவ்வளவும் சாப்பிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அதுவும் மாவுச்சத்துதான், அளவுக்கு அதுவும் உட்பட்டது. ராத்திரிச் சாப்பாட்டை ஏழரைக்கு இழுத்துவர நாளானது. அலுவலகம், பிள்ளைகளின் டியூஷன், தொலைக்காட்சித் தொடர் எல்லாவற்றோடும் பேச்சுவார்த்தை நடத்த வேண்டியிருந்தது. பரோட்டா மாதத்தில் ஒரு நாள் வருகிறது, சம்பள நாளில். இப்போதும் வாழையிலைப் பொட்டலம்தான். அதைப் பிரித்துப் பங்கு வைக்கும் சந்தோஷமும் அப்படியே இருக்கிறது.

கடினமாக இருந்தது ஒன்றுதான்: அடுத்தவர் வீட்டு உபசாரம். விருதுநகரில் சித்தி வீட்டுக்குப் போயிருந்தேன். பெரிய எவர்சில்வர் தம்ளர் நிறையக் காப்பியோடு வந்து நின்றாள். சீனி போடாமல் குடிப்பதைப் பற்றிச் சொன்னேன்.

“சீனி யாருய்யா போட்டா? ஒனக்குன்னு கருப்பட்டில்ல போட்டிருக்கேன். கருப்பட்டிக்கு சுகரு ஏறாதுய்யா.”

இந்த நம்பிக்கை நம் ஊர்களில் எவ்வளவு ஆழம் என்று எனக்குத் தெரியும். கருப்பட்டியில் வெள்ளைச் சீனியில் இல்லாத தாதுக்கள் கொஞ்சம் உண்டு, மணம் உண்டு, பனையேறியின் உழைப்பும் உண்டு. ஆனால், அதன் பெரும்பகுதி சர்க்கரைதான். இரத்தத்தில் கலந்தபின் அது கருப்பட்டியா சீனியா என்று உடம்பு பார்ப்பதில்லை. இதைச் சொல்ல வாயெடுத்தேன். சித்தியின் முகம் வாடத் தொடங்கியிருந்தது. “எங்கம்மா செத்தப்புறம் நீ வந்து காப்பி குடிக்கிற வீடு இது ஒண்ணுதான்னு நெனச்சேன்” என்றாள். அவள் அம்மா என்று சொன்னது என் பாட்டியை. நான் எழுந்து அவளோடு அடுக்களைக்குப் போனேன். “சித்தி, அந்தக் காலத்துல பாட்டி எந்தத் தம்ளர்ல குடுப்பா?” என்றேன். அவள் கொஞ்சம் யோசித்து, சாமி படத்துக்குக் கீழே விபூதி போட்டு வைத்திருந்த ஒரு குட்டித் தம்ளரை எடுத்து வந்தாள். விபூதியைக் கொட்டிக் கழுவி, அதில் கால்பங்கு காப்பியை ஊற்றிக் கொடுத்தாள். அதைக் குடித்தேன். மனசாரக் குடித்தேன். அதற்குப் பிறகு நான் போகும்போதெல்லாம் அவள் மோர் கலந்து வைக்கிறாள். கொத்தமல்லி கிள்ளிப் போட்டு, உப்புக் குறைத்து. அவளும் இப்போது இரண்டாவது காப்பியை விட்டுவிட்டாள்.

இன்னொரு சிரமத்தை எதிர்பார்க்கவில்லை. மாதத்துக்கு ஒரு கிலோகூட இல்லாத வேகத்தில் எடை இறங்கிக்கொண்டிருந்தது. சில மாதம் முள் அசையவே இல்லை. ஒரு வருஷத்துக்கு மேல் ஆனபின் கன்னம் ஒட்டத் தொடங்கியது. கல்யாண வீடுகளில் பார்ப்பவரெல்லாம் கையைப் பிடித்துக்கொள்வார்கள். “என்னய்யா இப்படி எளச்சுப் போயிட்ட? ஒடம்புக்கு என்ன? வீட்ல ஏதும் மனக் கஷ்டமா?” நம் ஊரில் சதை போடுவது நிம்மதிக்கு அடையாளம், மெலிவது நோய்க்கோ கவலைக்கோ அடையாளம். பஞ்சத்தையும் பட்டினியையும் பார்த்த தலைமுறையிடமிருந்து வந்த பார்வை அது; அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. கேட்கிறவர்கள் அன்பில்தான் கேட்கிறார்கள். ஆனால், நடுவயதில் எடையைக் குறைக்க முயலும் பலர் பாதியில் விட்டுவிடுவதற்கு இந்த அன்பும் ஒரு காரணம் என்பதைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். என் மனைவிக்குத்தான் இதில் அதிகச் சங்கடம். புருஷன் மெலிந்தால் கேள்வி அவளிடம்தான் வரும். “அவரா? நல்லா இருக்கார்க்கா, இப்பல்லாம் ராத்திரி குறட்டைகூட இல்ல” என்று ஒரு முறை பந்தியில் சொன்னாள். பக்கத்தில் இருந்த பெண்கள் உடனே செய்முறை கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்.

அலுவலகத்தில் என் நண்பர் ஒருவருக்குக் குடிப்பதென்றால் வேறு அர்த்தம். சனிக்கிழமை மாலை மட்டும் என்று தொடங்கி வாரத்தில் பாதி நாள் ஆகியிருந்தது. சோற்றைப் பாதியாகக் குறைத்தும் வயிறு இறங்கவில்லை என்று வருத்தப்பட்டார். மாவுச்சத்தும் சர்க்கரையும் கிராமுக்கு 4 கலோரி, மது கிராமுக்கு 7 கலோரி, கொழுப்பு 9. கூடவே வரும் வறுத்த முந்திரியும் சிக்கனும் தனிக்கணக்கு. அந்த நோட்டை அவரிடம் கொடுத்தேன். அவர் என்னென்ன எழுதினார் என்று நான் கேட்கவில்லை. சனிக்கிழமை மாலைகளில் என்னோடு கீழக்குயில்குடிக்கு வரத் தொடங்கினார். சமணர் மலையில் பாறையில் வெட்டிய படிகளில் ஏறினால், பேச்சிப்பள்ளத்தில் ஆயிரம் ஆண்டுக்கு மேலாகத் தீர்த்தங்கரர்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். அடிவாரத்துத் தாமரைக் குளத்துக்குப் பக்கத்தில் ஆலமரத்தடியில் உட்கார்ந்து இளைப்பாறுவோம். முதலில் பாதி வழியில் மூச்சுவாங்க நின்றவர், இப்போது எனக்கு முன்னால் போகிறார்.

சென்னையில் மருத்துவர் அ. ராமச்சந்திரன் குழுவினர் நடத்தி 2006-ல் வெளியிட்ட ஆய்வில், நீரிழிவின் வாசற்படியில் நின்றவர்களுக்கு உணவையும் நடையையும் மாற்றிக்கொள்ளச் சொல்லி மூன்றாண்டு தொடர்ந்து கவனித்தார்கள். நோய் வருவது 28.5 சதவீதம் குறைந்தது. மாத்திரை கொடுத்த குழுவிலும் ஏறக்குறைய அதே அளவுதான். நம் சோறு, நம் காப்பி, நம் வேலை நேரம் இவற்றுக்கு நடுவிலேயே இது நடக்கும் என்பதற்கு நம் ஊரிலேயே சான்று இருக்கிறது என்று மருத்துவர் சொன்னபோது எனக்குப் பெருமையாக இருந்தது. என் மூன்று மாதச் சராசரி மெல்ல இறங்கி ஐந்தரைக்குப் பக்கம் வந்தது. முட்டியைப் பற்றி நாங்கள் இருவருமே பேச மறந்துவிட்டோம்.

கருவூலத்தில் இருப்பவனுக்கு முதுமை தினமும் கண்முன் நடக்கும். ஓய்வூதியர் நேர்காணல் நாட்களில் நூற்றுக்கணக்கான பெரியவர்கள் வருவார்கள். இப்போது வீட்டிலிருந்தே செல்பேசியில் உயிர்வாழ்வுச் சான்று அனுப்பலாம். அப்படியும் நேரில் வந்து முகம் காட்டிவிட்டுப் போவதில் பலருக்கு ஒரு திருப்தி. அறுபதிலேயே இருவர் தாங்கிப் பிடிக்க வருபவர்களைப் பார்த்திருக்கிறேன். எண்பதைத் தாண்டியும் மாடியேறி வந்து, “தம்பி, கையெழுத்து எங்க போடணும்?” என்று கேட்பவர்களையும் பார்த்திருக்கிறேன். நோயும் விதியும் யாருக்கு என்ன வைத்திருக்கின்றன என்று சொல்ல முடியாதுதான். ஆனால், மாடியேறி வந்த பெரியவர்களிடம் பேச்சுக் கொடுத்தால், பெரும்பாலும் அளவு அறிந்தவர்களாக இருப்பார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், நான் வரவழைத்த டீயைப் பார்த்துவிட்டு, “காலையில ஒண்ணு குடிச்சாச்சுப்பா, எனக்கு வெந்நீர் போதும்” என்றார். மறுத்ததில் துளி கடுமை இல்லை. அப்படி மறுக்கவும் அதைத் தாங்கிக்கொள்ளவும் நாம் இருபுறமும் பழகவேண்டும்.

எங்கள் வீட்டில் இப்போது யார் வந்தாலும் காப்பி சீனி கலக்காமல்தான் வருகிறது. பக்கத்தில் சின்னக் கிண்ணத்தில் சீனியும் ஒரு ஸ்பூனும் இருக்கும். வேண்டியவர் வேண்டியதைப் போட்டுக்கொள்கிறார். ஒரு ஸ்பூன் எடுக்கப் போன கை பாதியில் நின்று, அரையோடு திரும்புவதை அடிக்கடி பார்க்கிறேன். எங்கள் செக்‌ஷனிலும் டீ வாங்கிவரும் பையன் பிளாஸ்கில் சீனியில்லாத டீயும், பொட்டலத்தில் சீனியும் கொண்டுவருகிறான். புதிதாக வேலைக்குச் சேர்ந்த இருபத்தைந்து வயதுப் பிள்ளைகள் கேட்காமலே அதற்குப் பழகிவிட்டார்கள். எனக்கு நடுவயதில் கிடைத்த அளவு அவர்களுக்கு இப்போதே கிடைத்திருக்கிறது. விருந்தாளிக்கு நிறையக் கொடுப்பதுதான் அன்பு என்று வளர்ந்தவர்கள் நாம். அவரைக் கேட்டுக் கொடுப்பதும் அதே அன்புதான். நாளை உங்கள் வீட்டுக்கு யாராவது வந்தால், சீனியைத் தனியாக வையுங்கள்.